118 குதிரைத்திறனுக்கு இத்தனை கொண்டாட்டமா? லோட்டஸ் எலீஸ், சாலையிலும் டிராக்கிலும்

கேள்வி இது: "லோட்டஸ் எலீஸ் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேச்செடுத்தாலே கார் பிரியர்கள் உருகிவிடுகிறார்கள். முதலில் வந்த எலீஸின் இன்ஜின் வெறும் 118 குதிரைத்திறன். அதைவிடச் சக்தி கூடிய குடும்பக் கார்கள் இன்று தெருவுக்குத் தெரு நிற்கின்றன. அப்படி என்னதான் இருக்கிறது அதில்? பழையது ஒன்று வாங்கினால் சாலையில் ஓட்டவும் ரேஸ் டிராக்கில் ஓட்டவும் சரிவருமா?"

நானும் ஒரு காலத்தில் இதையே கேட்டவன்தான். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிக்கு வேலைக்கு வந்த புதிதில், உடன் வேலை பார்த்தவர் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குத் தன் எலீஸில் அழைத்துப் போனார். கதவோரச் சட்டம் திண்ணை மாதிரி அகலமாகவும் உயரமாகவும் இருந்தது. அதில் முதலில் உட்கார்ந்து, ஒரு காலை உள்ளே விட்டு, இன்னொரு காலை மடக்கி இழுத்து, கடைசியில் பொத்தென்று இருக்கையில் விழுந்தேன். தரையை அலுமினியமாகவே விட்டிருந்தார்கள். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் கிடையாது, பிரேக்குக்கு உதவும் சர்வோ கிடையாது, ஏசி கிடையாது. இதற்குப் போய்க் காசு கொடுப்பார்களா என்று நினைத்தேன். கிராமத்துச் சாலையில் நாலு வளைவு தாண்டியதும் அந்த நினைப்பு போய்விட்டது. ஐந்து வருஷம் கழித்து நானே ஒன்று வாங்கி, ஒன்பது வருஷம் வைத்திருந்தேன். ஆகவே இது நடுநிலையான பதில் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குதிரைத்திறனைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு எடையைப் பாருங்கள். 1996இல் விற்பனைக்கு வந்த முதல் எலீஸின் எடை சுமார் 725 கிலோ. நம் ஊர் மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோ. அதாவது மாருதி 800இல் ஓர் ஆளை ஏற்றினால் வரும் எடைதான் எலீஸின் மொத்த எடை. அந்த எடைக்கு 118 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு 160க்கு மேல் வருகிறது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. எட்ட ஏறத்தாழ 6 விநாடி. ஆனால் இந்த எண்களைச் சொல்லி எலீஸை விளக்க முடியாது. இதைவிட வேகமாகப் பாயும் மின்சாரக் கார்கள் இன்று ஏராளம், அவற்றைப் பார்த்து யாரும் உருகுவதில்லை. எடை குறைந்தால் நேர்ச்சாலையில் வேகம் கூடுவது சின்ன லாபம். பிரேக், டயர், ஸ்டீயரிங், ஸ்பிரிங் என்று காரில் இருக்கும் மற்ற எல்லாவற்றின் சுமையும் குறைவதுதான் பெரிய லாபம். சாலையில் அது தரும் சுகமும் டிராக்கில் அது தரும் சிக்கனமும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. கீழே நான் சொல்லப்போவது எல்லாமே இதன் விரிவுதான்.

லோட்டஸின் நிறுவனர் காலின் சாப்மன் 1948இல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டினார். 'முதலில் எளிமையாக்கு, பிறகு எடையைக் குறை' என்பது அவருடைய தாரக மந்திரமாகச் சொல்லப்படுகிறது. அவருடைய பந்தய அணி ஃபார்முலா ஒன்னில் தயாரிப்பாளர்களுக்கான பட்டத்தை ஏழு முறை வென்றது. 1982இல் அவர் இறந்த பிறகு கம்பெனி கைமாறிக்கொண்டே இருந்தது. 1993இல் அப்போது புகாட்டியை நடத்திக்கொண்டிருந்த இத்தாலியர் ரொமானோ ஆர்டியோலி லோட்டஸை வாங்கினார். எலீஸ் என்ற பெயரே அவருடைய பேத்தி எலிசாவின் பெயரிலிருந்து வந்ததுதான். 1995 ஃபிராங்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் கார் அறிமுகமானபோது அந்தக் குழந்தையும் அங்கே இருந்தாள். 2021இல் எலீஸ் உற்பத்தி முடிந்தபோது கடைசியாக வந்த கார்களில் ஒன்று எலிசாவிடமே போய்ச் சேர்ந்தது. கம்பெனிக் கதைகளில் இப்படி அழகாக முடிவது அபூர்வம்.

காரின் உருவத்தை வரைந்தவர் ஜூலியன் தாம்சன். அடிச்சட்டத்தை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ராக்ஹம். இருவருமே டுகாட்டி பைக் பிரியர்கள். அந்தப் பைக்குகளில் இன்ஜின், சட்டம், போல்ட் எல்லாம் எதையும் மறைக்காமல் கண்ணில் படுமே, எலீஸிலும் அந்தச் சாயல் உண்டு. பெடல்களைப் பார்த்தால் புரியும். அலுமினியத்தை அச்சில் தள்ளி நீளமாக எடுத்து, துண்டு போட்டது போலவே இருக்கும். மேலே பூச்சு எதுவும் இல்லை.

அடிச்சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான புதுமை அங்கேதான் இருக்கிறது. இதே மாதிரி அச்சில் தள்ளி எடுத்த அலுமினியத் துண்டுகளை வெல்டு செய்யாமல் எபாக்ஸி பசையால் ஒட்டினார்கள். ஆமாம், கோந்து போட்டு ஒட்டிய கார்! வெல்டு வைத்தால் அந்தச் சூட்டில் அலுமினியம் பலம் இழக்கும். அதை ஈடுகட்ட உலோகத்தைத் தடிமனாக்க வேண்டும், தடிமனாக்கினால் எடை ஏறும். பசைக்குச் சூடு வேண்டாம்; இணைப்பின் முழுப் பரப்பிலும் அது பிடிப்பதால் மெல்லிய உலோகமே போதும். விபத்தில் பசை உரிந்துகொண்டு போகாமல் இருக்க, ஓரங்களில் திருகாணிகளும் உண்டு. இப்படிச் செய்த முழுச் சட்டத்தின் எடை சுமார் 68 கிலோ. ஒரு மனிதரின் எடை, அவ்வளவுதான்! கூரை இல்லாத கார் என்பதால் முறுக்கத்தைத் தாங்க இரண்டு பக்கமும் சட்டம் உயரமாக இருக்க வேண்டியிருந்தது. நான் ஏற முடியாமல் தவித்த அந்தத் 'திண்ணை' இதுதான். இந்த வழிமுறை பிறகு பல கார்களுக்கு அடித்தளமானது. 2008இல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டர்கூட எலீஸிலிருந்து கிளைத்ததுதான்.

சரி, சாலைக்கு வருவோம்.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் 'பி ரோடு' என்று சொல்லும் சின்ன சாலைகள் உண்டு. இரண்டு பக்கமும் வேலிப்புதர். சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். டிராக்டர் போய்ப்போய் உண்டான பள்ளங்கள், ஒட்டுப்போட்ட தார், எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவுகள் எல்லாம் உண்டு. லோட்டஸ் தன் கார்களை வளர்த்தது இந்த மாதிரிச் சாலைகளில்தான். பந்தயக் கார் என்றால் சஸ்பென்ஷன் கல் போல இறுகியிருக்கும் என்று நினைப்போம். எலீஸில் அப்படி இல்லை. நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழும் பிடிக்கும் இரண்டு முக்கோணக் கைகள்), அதோடு மென்மையான ஸ்பிரிங், அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைக்கும் நல்ல டாம்பர். கார் லேசாக இருப்பதால்தான் ஸ்பிரிங்கை மென்மையாக வைக்க முடிகிறது. 1,600 கிலோ காரை வளைவில் சாயாமல் நிறுத்த வேண்டுமானால் ஸ்பிரிங்கை இறுக்கித்தான் ஆக வேண்டும். இறுக்கினால் பள்ளத்தில் சக்கரம் துள்ளும். பிறகு கணினி வைத்த டாம்பர் வேண்டும், அதற்கு மோட்டார், வயரிங், மறுபடியும் எடை. எலீஸ் இந்தச் சுழலுக்குள் மாட்டவே இல்லை.

ஸ்டீயரிங்கைப் பற்றிப் பிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், கொஞ்சம் மிகையாகவும் எழுதுவார்கள். ஆனால் விஷயம் உண்மைதான். முன்சக்கரங்களின் மேல் இன்ஜின் இல்லை, அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. எடையில் அறுபது சதவீதத்துக்கும் மேல் பின்சக்கரங்களில்தான். முன்டயர் அகலம் 185 மில்லிமீட்டர், சாதாரண ஹாட்ச்பேக்கில் இருப்பது போல. ஆகவே மோட்டார் உதவி இல்லாமலேயே எளிதாகத் திருப்பலாம். உதவி இல்லாததால் டயருக்கும் கைக்கும் நடுவில் எதுவும் இல்லை. சாலை சரிந்தால் ஸ்டீயரிங் கையில் லேசாக இழுக்கும். ஈரமான திட்டில் ஏறினால் பிடி தளர்வது விரலுக்குத் தெரியும். டயர் வழுக்கப்போவதற்கு முன்பே ஸ்டீயரிங் கனம் குறையும். மணிக்கு 80 கிலோமீட்டரிலேயே இத்தனையும் நடக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். இந்நாட்டில் நடுவில் தடுப்பு இல்லாத சாலைகளில் உச்ச வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது 97 கி.மீ. ஐந்நூறு குதிரைத்திறன் காரில் அந்த வேகத்தில் போனால் கொட்டாவி வரும். சுவாரசியம் தொடங்கும் இடத்துக்கு அந்தக் காரைக் கொண்டுபோனால் லைசென்ஸ் போய்விடும், சில நேரம் உயிரும் போய்விடும். எலீஸில் வரம்புக்குள்ளேயே வேலை நிறைய இருக்கிறது. வேல்ஸில் பிளாக் மவுண்டனைக் கடக்கும் ஏ4069 சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஓட்டினேன். வரம்பை ஒருமுறைகூடத் தாண்டவில்லை, இறங்கும்போது உள்ளங்கை வியர்த்திருந்தது.

மழை என்று வந்துவிட்டால் கதை வேறு. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பார்கள். இந்தத் தாமரைக்குள் தண்ணீர் புகாமல் இராது! துணிக் கூரையைப் பொருத்துவது கூடாரம் அடிப்பது போல. பொருத்தி முடிப்பதற்குள் நீங்கள் நனைந்திருப்பீர்கள், பொருத்திய பிறகு இருக்கை நனையும். நெடுஞ்சாலையில் கூரை போட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகிற பயணம் என்றால் என் மனைவி ரயிலில்தான் வருவாள். பொருட்களுக்கு இன்ஜினுக்குப் பின்னால் ஒரு சின்ன பெட்டி. அதில் தக்காளி வைத்தால் வீடு வந்து சேர்வதற்குள் பாதி வெந்திருக்கும்.

டிராக்குக்கு வருவோம். இங்கே 'டிராக் டே' என்று ஒன்று இருக்கிறது. பணம் கட்டி, சாதாரண ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு உங்கள் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டலாம். பந்தயம் கிடையாது, நேரம் கணக்கிட அனுமதியும் பொதுவாகக் கிடையாது. காலையில் விதிகளைச் சொல்வார்கள், கையில் பட்டை கட்டுவார்கள், சைலன்ஸர் சத்தத்தை அளப்பார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்வதால் சத்த வரம்பு கண்டிப்பானது. இரைச்சலான சைலன்ஸர் மாட்டியவர்கள் அங்கேயே திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். முதல் சில சுற்றுகள் மெதுவாக, தடத்தைப் பழகிக்கொள்ள. முந்துவது நேர்ப்பகுதியில் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் சைகை காட்டி வழிவிட்டால்தான். உங்கள் வழக்கமான இன்ஷூரன்ஸ் அங்கே செல்லாது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இந்தத் தடங்களில் பல, இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளங்கள். நார்ஃபோக்கில் உள்ள ஸ்னெட்டர்டன் அப்படித்தான், குட்வுட்டும் சில்வர்ஸ்டோனும் அப்படித்தான். 1966இல் லோட்டஸ் குடியேறிய ஹெத்தல் தொழிற்சாலையே அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய தளம்தான். அதன் ஓடுதளத்தில்தான் சோதனைத் தடம் அமைந்திருக்கிறது. போர் முடிந்து, ஓடுதளங்கள் சும்மா கிடந்து, பழைய ஆஸ்டின் செவன்கள் மலிவாகக் கிடைத்தபோதுதான் இந்நாட்டின் ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம் வேர்விட்டது. நமக்கும் இது புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்தது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல்தான் வந்தது.

டிராக்கில் எடைக் குறைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நேர்ப்பகுதியின் முடிவில் மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 60க்கு வேகத்தைக் குறைக்கிறீர்கள். அந்த ஒரு பிரேக்கில் உண்டாகும் வெப்பம் சுமார் 680 கிலோஜூல். அதே இடத்தில் 1,600 கிலோ கார் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. ஒரு சுற்றில் நாலைந்து முறை இப்படிப் பிடிக்க வேண்டும், இருபது நிமிடம் ஓட வேண்டும். கனமான கார்கள் மூன்றாவது சுற்றிலேயே பிரேக் புகைந்து, பெடல் தொளதொளவென்று ஆகி உள்ளே திரும்புவது இதனால்தான். என் எலீஸில் காலையிலிருந்து மாலைவரை அதே பேட், அதே டிஸ்க். ஓட்டிக்கொண்டு போய், டிராக்கில் நாள் முழுக்கச் சுற்றி, அதே டயரில் வீட்டுக்கு ஓட்டி வந்துவிடுவேன். டிரெய்லர் வேண்டாம், மாற்றுச் சக்கரம் வேண்டாம். டயருக்கும் இதே கணக்குதான். ஒரு டயரின் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் அதன் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். ஆக, லேசான காருக்கு டயரின் பிடி விகிதத்தில் கூடுதலாகவே கிடைக்கிறது. குட்வுட்டிலோ கேட்வெல் பார்க்கிலோ தன்னைவிட மூன்று மடங்கு விலையுள்ள கார்களை எலீஸ் வளைவுகளில் துரத்துவதற்கு இதுதான் காரணம். நேர்ப்பகுதியில் அவை பறந்துவிடும், அடுத்த வளைவில் மறுபடி பக்கத்தில் வந்துவிடலாம். கேட்வெல் ஏற்ற இறக்கமான, ஒடுக்கமான, மரங்கள் சூழ்ந்த தடம். என் கணக்கில் எலீஸுக்கென்றே செய்தது போன்றது அதுதான்.

இதைப் படித்துவிட்டு இது பால் போன்ற சாது என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாம் வருடம் ஸ்னெட்டர்டனில் நான் சுழன்றேன். கோரம் என்று ஒரு நீண்ட வலப்பக்க வளைவு, முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வேகம் கூடிவிட்டது போலத் தோன்றியது. பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்துவிட்டேன். நடு இன்ஜின் காரில் செய்யவே கூடாதது அது. காலை எடுத்ததும் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன, பின்பக்கம் பெண்டுலம் போல வீசுகிறது. வானம், புல், வானம், புல், அப்புறம் அமைதி. விமானத் தளம் என்பதால் மோத எதுவும் இல்லை. காருக்கும் எனக்கும் காயமில்லை, மானம்தான் போயிற்று. அன்று மதியமே ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டினேன். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடு, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதி, நடுவில் மனசை மாற்றாதே. அந்த அரை மணி நேரத்தில் சுற்று எனக்கே தெரிகிற அளவுக்கு வேகமானது. காருக்கு எந்த உதிரிபாகம் வாங்கினாலும் அது நடந்திருக்காது. இந்தக் காரில் சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் எதுவும் இல்லாததால் தப்பு செய்தால் உடனே தெரியும், சரியாகச் செய்தாலும் உடனே தெரியும்.

லோட்டஸ் ஆட்களுக்கும் இந்த வாலாட்டும் குணம் தெரிந்தே இருந்தது. 2000இன் இறுதியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறையில் முன்டயரை 175 ஆகக் குறைத்து, பின்டயரை 225 ஆக்கினார்கள். இப்போது எல்லை வரும்போது முதலில் முன்பக்கம்தான் வழுக்கும். புதியவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு. முதல் தலைமுறைப் பிரியர்கள் இதைத் துரோகம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுழன்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இப்போது தொல்லைகள். லோட்டஸ் என்ற ஆங்கில எழுத்துகளைப் பிரித்து 'லாட்ஸ் ஆஃப் ட்ரபிள், யூஷுவலி சீரியஸ்' என்று ஒரு பழைய கேலி உண்டு. எலீஸைப் பொறுத்தவரை இது பாதி நியாயம். முதல் தலைமுறையில் இருப்பது ரோவரின் கே-சீரிஸ் 1.8 லிட்டர் அலுமினிய இன்ஜின். லேசானது, நன்றாகச் சுழலும், ஆனால் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போவதற்குப் பேர் பெற்றது. இன்ஜினின் மேலிருந்து அடிவரை ஊடுருவும் நீண்ட போல்ட்டுகள்தான் எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்கின்றன. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்டின் அளவும் குறைவு. எலீஸில் ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் பின்னால். நடுவில் நீண்ட குழாய்களில் தண்ணீர் ஆறிக் கிடக்கும். சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்ததும் அந்தக் குளிர்ந்த தண்ணீர் சூடான இன்ஜினுக்குள் ஒரேயடியாகப் பாயும். சுட்ட பாத்திரத்தைத் தண்ணீருக்கடியில் காட்டினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி. பல அடுக்கு எஃகு கேஸ்கட்டும், தெர்மோஸ்டாட்டை இடம் மாற்றி வைப்பதும் பெரும்பாலும் இதைச் சரிசெய்துவிடும். நீங்கள் பார்க்கும் கார்களில் இந்த வேலை நடந்திருக்கிறதா என்று பில்லைக் கேட்டுப் பாருங்கள். கிளம்பியதும் மிதிக்காமல் முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுமையாக ஓட்டுவது எந்த உதிரிபாகத்தையும்விட மலிவான வைத்தியம்.

2004இல் வந்த 111ஆர் மாடலில் டொயோட்டா இன்ஜின். அதே 1.8 லிட்டர், ஆனால் 189 குதிரைத்திறன். நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் கேம் (வால்வைத் திறக்கும் மேடு) மாறியதும் குரலே மாறி அலறும். இன்ஜின் தலைவலி வேண்டாம், டிராக்கில் நிறைய ஓட்ட வேண்டும் என்றால் இதுதான் சரி. எடை 860 கிலோ அளவுக்கு ஏறிவிட்டது, சர்வோவும் ஏபிஎஸ்ஸும் வந்துவிட்டன. சுத்த சைவக்காரர்கள் மூஞ்சியைச் சுளிப்பார்கள். ஒட்டும் டயர் போட்டு நீண்ட வளைவுகளில் ஓட்டுவதாக இருந்தால், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சாமல் இருக்க சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) தடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தலைமுறையில் பின்சக்கரத்தின் திசையைப் பிடித்து வைக்கும் டோ-லிங்க் என்ற கம்பியின் பந்து மூட்டுகளையும் டிராக்குக்கு முன் பலப்படுத்தியாக வேண்டும். அது உடைந்தால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். செலவுப் பட்டியலில் இதை முதலில் வையுங்கள்.

இன்னொன்று, எலீஸ்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் 'ஜியோ' 'ஜியோ' என்று பேசிக்கொள்வார்கள். செல்போன் கம்பெனி இல்லை. சக்கரங்களின் கோண அமைப்பை அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். லேசான காரில் ஒரு டிகிரியில் ஒரு துளி மாறினாலும் ஸ்டீயரிங்கில் தெரியும். ஓட்டிப் பார்க்கும் கார் மந்தமாகவோ பதற்றமாகவோ இருந்தால், காரைக் குறை சொல்வதற்கு முன் கோணத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பாதி நேரம் அதுதான் வியாதி.

வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். உடல் முழுக்க ஃபைபர்கிளாஸ். முன்பக்கம் முழுவதும் ஒரே ஓடு, பின்பக்கம் முழுவதும் ஒரே ஓடு. கார் நிறுத்துமிடத்தில் ஒரு சின்ன உரசல் என்றாலும் அந்தப் பெரிய ஓடு முழுவதையுமே கழற்ற வேண்டியிருக்கும். காசைக் கரைப்பது அதுதான். அதைவிட முக்கியம் அடிச்சட்டம். ஒட்டிய சட்டம் வளைந்தால் நிமிர்த்தி வெல்டு வைத்துத் தப்பிக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே காரை லிஃப்ட்டில் ஏற்றி, அடித்தட்டைக் கழற்றி, ஜாக்கி தப்பான இடத்தில் வைத்த பள்ளம் இருக்கிறதா, அலுமினியமும் இரும்பும் தொடும் இடங்களில் வெள்ளை அரிப்பு இருக்கிறதா, சஸ்பென்ஷன் கைகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே விரிப்பு போட்டிருந்தால் தூக்கிப் பாருங்கள். அடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். ரேடியேட்டர் ஓரத்தில் கசிவும் பழைய கார்களில் சகஜம்.

விலை? புதிதாக வந்தபோது 19,000 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. பிறகு ஒரு காலத்தில் பத்தாயிரத்துக்கே கிடைத்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. 35,124 எலீஸ்களோடு கணக்கு முடிந்துவிட்டதால் நல்ல கார்கள் இனி மலிவாகப் போவதில்லை என்றே நினைக்கிறேன். இன்று லோட்டஸ் சீனாவின் ஜீலி குழுமத்தின் கையில். வூஹானில் தயாராகும் அவர்களின் எலெட்ரா என்ற மின்சார எஸ்யூவியின் எடை ஏறக்குறைய இரண்டரை டன். தராசின் ஒரு பக்கத்தில் அதை வைத்தால் மறுபக்கத்தில் மூன்று முதல் தலைமுறை எலீஸ் வைத்தாலும் போதாது. சாப்மன் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது பிரியர்கள் கூடும் இடமெல்லாம் ஓடும் விவாதம். கம்பெனி பிழைக்க வேண்டுமே என்ற பக்கம்தான் நான், கொஞ்சம் வருத்தத்தோடு.

உங்களுக்கு என் யோசனை: ஒரே ஒரு கார்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இது வேண்டாம். இரண்டாவது காருக்கு இடம் இருக்கிறது, வருஷத்துக்கு மூன்று நாலு டிராக் டே போகும் எண்ணமும் உண்டு என்றால் இரண்டாம் தலைமுறை டொயோட்டா இன்ஜின் எலீஸ். டிராக் எப்போதாவது, முக்கியமாக ஞாயிறு காலைச் சாலைகள்தான் என்றால் கேஸ்கட் வேலை முடிந்த முதல் தலைமுறை. எதுவானாலும் வாங்குவதற்கு முன் ஒரு நல்ல மழை நாளில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். போகும்போது மெல்லிய ஷூ போட்டுக்கொண்டு போங்கள். பெடல்கள் மூன்றும் அவ்வளவு நெருக்கம். வேலைக்குப் போகும் ஷூவோடு போனால் பிரேக்கோடு ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பீர்கள், விற்கிறவருக்கு மாரடைப்பே வந்துவிடும்.